வைக்கோற்போரில் ஒரு திருடன்

சிறுநீர்ப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கண் நேராகச் சர்க்கரைக்குப் போகும். அடுத்து ஆல்புமினுக்கு. இரண்டும் ‘இல்லை’ என்றிருந்தால் ஒரு பெருமூச்சு. அதற்கும் கீழே ஒரு வரி இருக்கும்: ‘பஸ் செல்ஸ் 20–25’. ஐந்துக்குள் இருந்தால் கவலையில்லை என்பார்கள். நீர்க்கடுப்போடு போனவருக்கு இருபத்தைந்தும் வரும், ஐம்பதும் வரும். சில நேரம் எண்ண முடியாமல் ‘நிறைய’ என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

பஸ் செல்ஸ் என்றால் சீழ் அணுக்கள். பெயரைக் கேட்டுப் பலரும் அதைக் கிருமி என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அவை நம்முடைய அணுக்கள். எலும்பு மஜ்ஜையில் பிறந்து, ரத்தத்தில் ஒரு நாள்கூட முழுதாகச் சுற்றாமல், சிறுநீர்ப்பையின் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே குதித்த நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்கள். ஆய்வகத்தில் சிறுநீரை வேகமாகச் சுழற்றி, குழாயின் அடியில் தங்கும் கசடில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு பார்வை வட்டத்துக்குள் எத்தனை தெரிகின்றன என்று எண்ணுகிறார்கள். அந்த எண், சண்டைக்குப் போய்த் திரும்பாதவர்களின் கணக்கு. எதிரி எத்தனை பேர், எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்பதை அது சொல்வதில்லை.

‘போர்’ என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று சண்டை. இன்னொன்று அறுவடை முடிந்து களத்தோரம் குவித்து வைக்கும் வைக்கோற்போர். நோயெதிர்ப்பைப் பற்றி எழுதும் எவரும் முதல் பொருளை எடுத்துக்கொண்டு படை, ஆயுதம், வெற்றி என்று போய்விடுவார்கள். சிறுநீர்ப்பையைப் பொறுத்தவரை இரண்டாவது பொருளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வைக்கோற்போருக்குள் திருடன் புகுந்துவிட்டான். அவனைத் தேட நம் கையில் இருப்பதோ தீப்பந்தம். அந்த நெருக்கடிதான் இந்த அத்தியாயம்.

திருடன் யார் என்பதில் பெரிய மர்மம் இல்லை. சாதாரண சிறுநீர்த் தொற்றுகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஈ.கோலை என்ற பாக்டீரியாவால் வருபவை. 1885-இல் தியோடர் எஷரிக் என்ற ஜெர்மன்-ஆஸ்திரிய குழந்தை மருத்துவர் குழந்தைகளின் மலத்தில் கண்டு எழுதியது. அவர் பெயரில்தான் அந்த ‘ஈ’ இருக்கிறது. நம் எல்லோருடைய குடலிலும் வாழ்கிறது, அங்கே இருக்கும்வரை பெரும்பாலும் தொல்லையில்லை. இடம் மாறினால்தான் வினை. பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் சுமார் 4 சென்டிமீட்டர்தான். ஆண்களுக்கு 20 சென்டிமீட்டர் வரை. பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இந்தத் தொற்று வருவதற்கு இந்த நீள வித்தியாசம் ஒரு முக்கியக் காரணம். சுத்தமின்மை என்று சொல்லிப் பெண்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிற வழக்கம் இன்னும் போகவில்லை. உடற்கூறு தெரிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

மேலேறி வந்த பாக்டீரியாவுக்கு முதல் தடை வெள்ளம். சில மணி நேரத்துக்கு ஒரு முறை சிறுநீர்ப்பை தன்னைத்தானே கழுவிக்கொள்கிறது. ஒட்டிக்கொள்ளாத எதுவும் அடித்துப் போகப்படும். ஆகவே ஈ.கோலை ஒட்டிக்கொள்ளக் கற்றிருக்கிறது. அதன் உடலெங்கும் மெல்லிய இழைகள் நீண்டிருக்கும். ஒவ்வொரு இழையின் நுனியிலும் ‘ஃபிம்ஹெச்’ என்ற ஒரு புரதக் கொக்கி. சிறுநீர்ப்பையின் உள்பரப்பில் இருக்கும் மேனோஸ் என்ற சர்க்கரையை அது கவ்வும். இந்தக் கொக்கியின் குணம் விசித்திரமானது. சாதாரணமாக ஒட்டிய எதையும் இழுத்தால் பிடி தளரும். இது இழுக்க இழுக்க இறுகும், சுருக்குக் கண்ணி மாதிரி. 2002-இல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வெண்டி தாமஸ், எவ்கெனி சொக்குரென்கோ முதலானோர் இதைக் காட்டினார்கள். ஓட்டம் வேகமாக இருக்கும்போது பாக்டீரியா இறுகப் பற்றுகிறது. ஓட்டம் குறைந்தால் பிடியைத் தளர்த்தி நகர்ந்துகொள்கிறது. நம்மைக் கழுவிச் சுத்தம் செய்ய வந்த வெள்ளமே அதற்குக் கைகொடுக்கிறது.

உடலும் சும்மா இருக்கவில்லை. சிறுநீரகம் யூரோமாடுலின் என்ற புரதத்தைச் சிறுநீரில் ஓயாமல் கலந்துவிடுகிறது. ஆரோக்கியமான சிறுநீரில் மிக அதிகமாக இருக்கும் புரதம் அதுதான். 1950-இல் இகோர் டாம், ஃபிராங்க் ஹார்ஸ்ஃபால் இருவரும் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் பிரித்தெடுத்தார்கள். அவர்கள் தேடியதோ வைரஸ்கள் சிவப்பணுக்களைத் திரட்டுவதைத் தடுக்கும் பொருள். இந்தப் புரதம் நீளமான இழைகளாகத் திரிந்து மிதக்கிறது, அதன் மேலும் அதே மேனோஸ் தொங்குகிறது. சுவரைத் தேடி வந்த பாக்டீரியா கையை நீட்டுகிறது, இழையைப் பற்றுகிறது, மற்ற பாக்டீரியாக்களோடு சேர்ந்து கட்டியாகி அடுத்த முறை வெளியே போய்விடுகிறது. வாசற்படி ஏற வந்தவனைத் திண்ணையிலேயே பேச்சுக்கொடுத்து உட்காரவைத்து அனுப்பிவிடுவது போல. 2020-இல் ஸூரிக் ஆராய்ச்சியாளர்கள் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது இந்த இழைகள் மீன் முள்ளைப் போலத் தெரிந்தன.

இதே தர்க்கத்தில் மேனோஸ் பொடியை வாங்கிக் குடித்தால் தொற்று வராது என்று ஒரு வியாபாரம் நடக்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அடிக்கடி தொற்று வரும் 598 பெண்களைக் கொண்டு பிரிட்டனில் ஆறு மாதம் சோதித்து, 2024-இல் முடிவை வெளியிட்டார்கள்: வெறும் ஒப்புக்குக் கொடுத்த பொடியைவிட அது மேலாக எதையும் செய்யவில்லை.

திண்ணையைத் தாண்டியவர்கள் சுவரை அடைகிறார்கள். சுவர் என்றால் குடை அணுக்கள்: சிறுநீர்ப்பையின் உள்பக்கம் ஓடு பரப்பியதுபோல அமைந்த பெரிய, தட்டையான அணுக்கள். சிறுநீரின் நஞ்சு உடலுக்குள் கசியாமல் காப்பவை அவைதான். சாதாரண நாளில் மாதக்கணக்கில் உதிராமல் இருக்கும். ஈ.கோலை அவற்றின் மேல் ஒட்டுவதோடு நிற்பதில்லை, உள்ளே நுழைகிறது. பை நிறையும்போது சுவர் விரியவும் காலியாகும்போது சுருங்கவும் வேண்டுமே? அதற்காகக் குடை அணு தன் மேற்பரப்புச் சவ்வைச் சின்னச் சின்னப் பைகளாக உள்ளே மடித்து வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது வெளியே விரிக்கும். அந்த மடிப்போடு மடிப்பாகப் பாக்டீரியாவும் உள்ளே போய்விடுகிறது. அணுவுக்கு உடனே சந்தேகம் வருகிறது. டிஎல்ஆர்-4 என்ற உணர்வான் பாக்டீரியாவின் மேலுறைக் கொழுப்பை முகர்ந்து எச்சரிக்க, அந்தப் பையை அப்படியே வெளியே தள்ளிவிடுகிறது அணு. நுழைந்தவற்றில் பெரும்பகுதி இப்படித் துப்பப்படுகிறது. ஒன்றிரண்டு மட்டும் பையைக் கிழித்துக்கொண்டு அணுவின் உட்கூழில் இறங்கிவிடும்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், ஸ்காட் ஹல்ட்கிரெனின் ஆய்வகத்தில் 2003-இல் வெளியான படங்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எலியின் சிறுநீர்ப்பையை விரித்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்தவை. ஓடு பரப்பிய தளத்தில் அங்கங்கே கொப்புளங்கள் எழும்பி நிற்கின்றன. ஒவ்வொரு கொப்புளமும் ஒரே ஒரு அணு. பிளந்து பார்த்தால் மாதுளம்பழத்தை உடைத்ததுபோல உள்ளே பாக்டீரியா முத்துக்கள், ஒன்றோடொன்று நெருங்கி, பசை பூசிய மாதிரி. ஒரு பாக்டீரியா உள்ளே போய், அரைமணிக்கொரு முறை இரட்டித்து, ஒரு நாளுக்குள் பல்லாயிரமாகிவிட்டிருக்கிறது. அதுவரை ஈ.கோலை அணுவுக்கு வெளியேதான் இருந்து தொல்லை தரும் என்று பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. எலியில் நடப்பது மனிதரில் நடக்குமா என்று கேட்டவர்களுக்கு 2007-இல் பதில் வந்தது. ஈ.கோலை தொற்று இருந்த 80 பெண்களின் சிறுநீரை ஆராய்ந்தபோது 14 பேருடைய மாதிரியில் இப்படிக் கிருமி நிரம்பிய அணுக்கள் உதிர்ந்து கிடந்தன. 33 பேருடையதில் நூல்போல நீண்ட பாக்டீரியாக்கள் இருந்தன.

அந்த நூல் எதற்கு என்பதை அறிய, சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

குடை அணு துப்பிக்கொண்டிருக்கும்போதே ஆள் கூப்பிடவும் தொடங்கிவிடும். அது வெளியிடும் வேதிச் செய்திகளின் வாசனையைப் பிடித்துக்கொண்டு நியூட்ரோபில்கள் ரத்தக்குழாயிலிருந்து கிளம்பும். நம் உடல் ஒரு நாளைக்கு உற்பத்தி செய்யும் நியூட்ரோபில்கள் சுமார் பத்தாயிரம் கோடி. ஆள் பஞ்சம் என்ற பேச்சே இல்லை. எலிகளில் இரண்டு மணி நேரத்திலேயே வரத் தொடங்கி ஆறு மணி நேரத்தில் கூட்டம் கூடிவிடுகிறது. கிருமியை விழுங்கும், வெளுப்பு நீரைப் போன்ற அமிலத்தால் பொசுக்கும், புரதம் கரைக்கும் நொதிகளைக் கொட்டும். தன் டி.என்.ஏ-வையே வலையாக வீசிச் சாகவும் செய்யும். இதில் எந்த ஆயுதமும் கிருமி வேறு, வீட்டுச் சுவர் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்ததல்ல. தீப்பந்தம் என்று சொன்னது இதைத்தான்.

ஆகவே உடல் இவர்களைச் சுவர்வரை வரவிடுகிறது, உள்ளே விடுவதில்லை. நியூட்ரோபில்களுக்கும் குடை அணுக்களின் அடுக்குக்கும் நடுவே அடித்தளச் சவ்வு என்ற ஒரு திரை இருக்கிறது. அதைக் கடக்க எப்படி அனுமதி கிடைக்கிறது என்பதை பான் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் குர்ட்ஸ், டேனியல் எங்கல் குழுவினர் 2014-இல் எலிகளில் கண்டுபிடித்தார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது.

சிறுநீர்ப்பைச் சுவரில் மேக்ரோபேஜ் என்ற காவல் அணுக்கள் நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. தொற்று என்று தெரிந்ததும் நியூட்ரோபில்களைக் கூப்பிடுவதில் இவையும் சேர்ந்துகொள்கின்றன. கூடவே ரத்தத்திலிருந்து இன்னொரு வகை மேக்ரோபேஜையும் வரவழைக்கின்றன. இந்தப் புதியவர்கள் கிருமியோடு பெரிதாகச் சண்டை போடுவதில்லை. நிலவரத்தைப் பார்க்கிறார்கள், ஆபத்து உண்மைதான் என்று பட்டால் டிஎன்எஃப் என்ற செய்தியை விடுகிறார்கள். அந்தச் செய்தி நேராக நியூட்ரோபிலுக்குப் போவதில்லை. பழைய காவலருக்குப் போகிறது. அவர் அதைப் பெற்ற பிறகே சிஎக்ஸ்சிஎல்-2 என்ற வேறொரு உத்தரவை வெளியிடுகிறார். அது கிடைத்த பிறகுதான் நியூட்ரோபில் திரையை அறுக்கும் நொதியை எடுக்கிறது. வங்கி லாக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். சாவி வாடிக்கையாளரிடம் ஒன்று, வங்கியிடம் ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். வீட்டில் இருக்கும் காவலர் ஒருவர் பதறிவிட்டால் மட்டும் போதாது, வெளியிலிருந்து வந்தவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ரிப்போர்ட்டில் எண்ணப்பட்ட அந்த இருபத்தைந்து அணுக்களும் இப்படி அனுமதி வாங்கிக்கொண்டு வந்தவை.

இத்தனை கையெழுத்துக்கும் நேரம் பிடிக்கிறது. மாதுளம்பழத்துக்குள் இருப்பவர்களுக்குத் தேவைப்படுவதும் நேரம்தான். நியூட்ரோபில்கள் உள்ளே வந்து சேரும்போது பாக்டீரியாக்கள் அணு என்னும் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கின்றன. பிறகு கொப்புளம் வெடித்து வெளியேறும்போது அவற்றில் சில பிரியாமலேயே நீண்டு நூலாகின்றன. 50 மைக்ரானுக்கும் மேல் நீளும் நூலை, பன்னிரண்டு பதினைந்து மைக்ரான் அகலமே உள்ள நியூட்ரோபில் எப்படி விழுங்கும்? பக்கத்தில் இருக்கும் குட்டையானவை விழுங்கப்படுகின்றன. நூல் தப்பிப் போய், பிறகு துண்டுகளாகப் பிரிந்து அடுத்த அணுவைத் தேடுகிறது.

இதற்கு நடுவே ஓசையில்லாமல் இன்னொரு சண்டையும் நடக்கிறது. இரும்புக்காக. பாக்டீரியா பெருக இரும்பு வேண்டும். நம் உடலோ ஒரு துணுக்கு இரும்பைக்கூடச் சும்மா விட்டுவைப்பதில்லை. எனவே ஈ.கோலை என்டரோபேக்டின் என்ற சிறு மூலக்கூறை வெளியே அனுப்புகிறது. அது இரும்பை எங்கிருந்தாலும் பிடுங்கிக்கொண்டு திரும்பி வரும். நம் பக்கம் நியூட்ரோபில்களும் சுவர் அணுக்களும் லிப்போகாலின்-2 என்ற புரதத்தைக் கொட்டுகின்றன. அதன் நடுவே ஒரு குழி, என்டரோபேக்டினுக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல. இரும்போடு திரும்பும் கொள்ளைக்காரன் அந்தக் குழியில் விழுந்துவிடுவான். பாக்டீரியா இதற்குக் கண்ட மாற்று எளிமையானது: என்டரோபேக்டினின் மேல் குளுக்கோஸைக் கோத்துவிட்டது. சற்றே பருத்த மூலக்கூறு குழிக்குள் நுழைவதில்லை. ஒரு துளி சர்க்கரையில் காரியம் முடிந்தது. இன்னும் சில வகைகள் யெர்சினியாபேக்டின் என்ற வேறொரு மூலக்கூறையும் வைத்திருக்கின்றன. பிளேக் கிருமியின் இனத்தில் முதலில் காணப்பட்டதால் அந்தப் பெயர். அது இரும்போடு செம்பையும் பிடித்துக்கொள்ளும். மேக்ரோபேஜ்கள் விழுங்கிய கிருமியைச் செம்பால் நஞ்சூட்டுகின்றன என்பதால் அதுவும் ஒரு கவசமாகிறது.

ஒளிந்தவனைப் பிடிக்க முடியாதபோது உடல் கடைசி வழிக்குப் போகிறது: வீட்டையே இடித்துவிடுவது. தொற்றிய குடை அணுக்கள் தற்கொலை செய்துகொண்டு உதிர்கின்றன. சிறுநீரோடு கிருமி நிரம்பிய அணுவும் வெளியேறுகிறது. ரிப்போர்ட்டில் சீழ் அணுக்களுக்குக் கீழே எபிதீலியல் செல்ஸ் என்று ஒரு வரி இருக்குமே, அதில் இப்படி உதிர்ந்தவையும் சில நேரம் இருக்கும். கிருமி ஏராளமாகப் போய்விடுகிறது என்பது உண்மை. ஆனால் ஓடு பெயர்ந்த தளத்தில் கீழே இருக்கும் இளம் அணுக்கள் வெளியே தெரிகின்றன. மிச்சம் இருந்த ஒன்றிரண்டு பாக்டீரியாக்கள் அவற்றுக்குள் நுழைந்து, பெருகாமல், அசையாமல், நான்கைந்து பேராகச் சுருண்டு தூங்கிவிடுகின்றன. பெருகாத பாக்டீரியாவை ஆன்டிபயாடிக்கும் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அந்த இளம் அணு என்றோ ஒரு நாள் முதிர்ந்து குடை அணுவாகும்போது தூங்கியவை விழிக்கலாம். எலிகளில் இது காட்டப்பட்டிருக்கிறது. தொற்று வந்த பெண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் மறுபடியும் வருகிறது. குடலிலிருந்து புதிதாக ஏறி வருபவை பல, உள்ளேயே தூங்கி எழுபவையும் இருக்கலாம்.

அம்மை ஒரு முறை வந்தால் பெரும்பாலும் மறுபடி வராது. சிறுநீர்த் தொற்று மட்டும் ஏன் வந்த வீட்டுக்கே திரும்பத் திரும்ப வருகிறது? பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் மாலி இங்கர்சால் குழு 2015-இல் செய்த சோதனையின் விடை எதிர்பாராதது. முதல் தொற்றுக்கு முன்பே எலிகளின் மேக்ரோபேஜ்களை நீக்கிவிட்டார்கள். காவலரை நீக்கினால் நிலைமை மோசமாக வேண்டும். மாறாக, இரண்டாவது தொற்றை அந்த எலிகள் நன்றாகச் சமாளித்தன. மேக்ரோபேஜ்கள் கிருமிகளை அவசரமாக விழுங்கித் தீர்த்துவிடுவதால், அவற்றின் அடையாளத்தை நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய்ப் பாடம் நடத்த வேண்டிய அணுக்களுக்குச் சாட்சி மிஞ்சுவதில்லை. டியூக் பல்கலைக்கழகத்தில் சோமன் ஆபிரகாம் குழு 2020-இல் சொன்னது இன்னொரு பக்கம்: எலிகளின் சிறுநீர்ப்பைக்கு வரும் டி அணுக்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்கள் கிருமியைத் துரத்துவதைவிட உதிர்ந்த தளத்தைச் செப்பனிடுவதிலேயே குறியாக இருக்கின்றன. சுவர் ஓட்டையாக இருந்தால் சிறுநீர் கசியும். கிருமியா கசிவா என்று கேட்டால், சிறுநீர்ப்பை முதலில் கசிவை அடைக்கிறது.

இதை உடலின் பலவீனம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். செயின்ட் லூயிஸ் ஆய்வகத்திலேயே தாமஸ் ஹன்னன் 2010-இல் காட்டினார்: முதல் நாளில் மிகக் கடுமையாக வீங்கிப் போரிட்ட எலிகளே நாட்பட்ட தொற்றில் மாட்டிக்கொண்டன, பிற்பாடும் எளிதில் தொற்றுக்கு ஆளாயின. பந்தத்தை ஓங்கி வீசியவனின் வைக்கோல்தான் எரிந்தது. மறுபக்கம் ஸ்வீடனிலிருந்து ஒரு சிறுமியின் கதை. மூன்று ஆண்டுகள் அவள் சிறுநீரில் ஈ.கோலை இருந்தது, ஒரு நாளும் கடுக்கவில்லை. சுவரில் பற்றும் கொக்கியை இழந்துவிட்ட வகை அது. லுண்ட் பல்கலைக்கழகத்தில் கேத்தரினா ஸ்வான்போர்க் குழுவினர் அந்த வகையையே, சிறுநீரை முழுதாக வெளியேற்ற முடியாமல் அடிக்கடி தொற்றால் அவதிப்பட்ட நோயாளிகளின் பைக்குள் வேண்டுமென்றே செலுத்தினார்கள். அது குடியிருந்தவரை மற்றத் தொற்றுகள் குறைந்தன. ரிப்போர்ட்டில் கிருமி தெரிந்தாலே மருந்து என்று ஓடக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கர்ப்பிணிகள் ஒரு முக்கிய விதிவிலக்கு; அவர்களுக்குத் தொல்லை இல்லாவிட்டாலும் மருத்துவர் மருந்து கொடுப்பார்.

அப்படியானால் பந்தத்தை மட்டும் தணித்துவிட்டு ஆன்டிபயாடிக் இல்லாமலே சமாளிக்கலாமா? ஜெர்மனியில் கேட்டுப் பார்த்தார்கள். 2015-இல் வெளியான ஆய்வு அது. சாதாரண நீர்க்கடுப்போடு வந்த 494 பெண்களில் ஒரு பாதிக்கு ஆன்டிபயாடிக், மறு பாதிக்கு வலி வீக்கம் குறைக்கும் இபுப்ரோஃபென். இபுப்ரோஃபென் எடுத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆன்டிபயாடிக்கே தேவைப்படாமல் குணமானார்கள். உடலின் படை அவ்வளவு தூரம் தானே சமாளிக்கிறது. ஆனால் அவர்களுக்குக் கடுப்பு அதிக நாள் நீடித்தது. அதோடு அந்தப் பக்கத்தில் 5 பேருக்குத் தொற்று சிறுநீரகம்வரை ஏறியது, ஆன்டிபயாடிக் எடுத்தவர்களில் ஒருவருக்கு.

அந்த ஐந்து பேரில் ஒருவராக இருக்கப்போவது யார் என்பதை எந்த ரிப்போர்ட்டும் முன்கூட்டிச் சொல்லாது. உடம்பு சொல்லும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலோ, முதுகில் விலாவுக்குக் கீழே வலியோ, வாந்தியோ வந்தால் திருடன் வைக்கோற்போரைத் தாண்டி வீட்டுக்குள் நுழைந்துவிட்டான் என்று பொருள். பார்லித் தண்ணீரும் இளநீரும் குடித்துக் காத்திருக்கும் நேரம் அதுவல்ல. அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.